ஆறு மூடி, ஐந்து ஸ்டிக்கர்

ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்து நான்கு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் எண்ணிக்கை சிஸ்டர். பாராட்டி வைத்த பெயர் அல்ல. ஆபரேஷன் தொடங்கும் முன் துணி எத்தனை, கத்தரி எத்தனை, ஊசி எத்தனை என்று எண்ணுவது எல்லா நர்சும் செய்கிற வேலைதான். வயிற்றை மூடித் தைக்கும் முன் மறுபடி எண்ணுவதும் அப்படித்தான். இந்த அம்மாள் மூன்றாவது தடவையும் எண்ணுவார், அதுவும் வாய்விட்டு எண்ணுவார். ஒன்று குறைந்தால் ஆனானப்பட்ட டாக்டரையும் கையிலிருக்கும் ஊசியைக் கீழே வைக்கச் சொல்வார்.

ஒரு தடவை இருபது துணியில் பத்தொன்பதுதான் தேறியது. பெரிய டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பன்னிரண்டு நிமிடம் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் துணி பெரிய டாக்டரின் செருப்புக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பேஷன்ட் வயித்துல இல்ல, என் கால்லதான் இருக்கு. பன்னிரண்டு நிமிஷம் வீணாப் போச்சு!" என்று அவர் குதித்தார். "எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல டாக்டர், இனிமே தைக்கலாம்" என்றாராம் சிஸ்டர். ஓய்வு பெற்ற நாளில் நடந்த கூட்டத்திலும் இதைச் சொல்லித்தான் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மருமகனும் சிரித்தான்.

மருமகன் கார் ஓட்டுகிறவன். ஏழு பேர் உட்காரும் சொந்த வண்டி. மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பதில் அவனுக்குப் பெரிய குறை எதுவும் கிடையாது, இந்த எண்ணிக்கையைத் தவிர. கொடியில் துணி காயப்போட்டால் சிஸ்டர் கிளிப்புகளை எண்ணுவார். பாத்திரம் துலக்கி முடித்தால் கரண்டிகளை எண்ணுவார். "உங்கம்மா ஒருநாள் என்னையே எண்ணிப் பார்க்கப் போறாங்க" என்று மனைவியிடம் புலம்பினான். "நீங்க ஒண்ணே ஒண்ணுதானே, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். இன்னொரு தடவை திருப்பினால் அதுவும் இல்லை. பேட்டரிக்கு வயதாகிவிட்டது, போய்ச் சேர்ந்துவிட்டது.

போனதுதான் போனது, வேறு நாளில் போயிருக்கக் கூடாதா? மூன்று மாதமாக அவனுக்கு நிலையான ஓட்டம் கிடையாது. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். வண்டி சரியாக இருந்தால் சின்னப் பிள்ளைகளைக் காலையில் கூட்டிவந்து மாலையில் கொண்டுவிடும் வேலை, வருடம் முழுக்க. வண்டி வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறான். மருமகனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆட்டோ பிடித்து பேட்டரி கடைக்கு ஓடினான். அவன் வண்டிக்குப் பொருந்துகிற அளவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் இன்னும் ஆசிட் ஊற்றாத காய்ந்த பேட்டரி. ஆசிட் ஊற்றி சார்ஜ் போட்டுத் தருகிற ஆள் அன்றைக்கு லீவு. "நாளைக்கு வாங்கிக்கறீங்களா?" என்றார் கடைக்காரர். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் மருமகன் முகம் போன போக்கைப் பார்த்து, ஆசிட் கேனையும் ஒரு பிளாஸ்டிக் புனலையும் எடுத்து வைத்தார். "வீட்டுலயே ஊத்திக்கலாம், ஆனா பேப்பரைப் படிச்சுட்டு ஊத்துங்க. இந்த ஆசிட் கலந்தே வர்றது, இதுல தண்ணி சேர்க்கக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

பத்து மணிக்கு வீடு வந்த மருமகன் பேட்டரியைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அங்கேதான் மின்விசிறி இருந்தது. நான்கடி தள்ளி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கேன் மூடியில் கை வைத்தபோது சிஸ்டர் சமையலறையிலிருந்து வந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"ஆசிட்டு அத்தை. பேட்டரியில ஊத்தணும். அஞ்சு நிமிஷ வேலை."

சிஸ்டர் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேட்டரியோடு வந்த பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார். பொடி எழுத்தில் இரண்டு பக்கம். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மருமகன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல இங்கும் அங்கும் நடந்தான். பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவனுக்கு பேட்டரியைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த வீட்டில் சிஸ்டர் எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

படித்து முடித்ததும் உத்தரவுகள் வந்தன. பேட்டரி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பின்புறம் துணி துவைக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே காற்று வரும், சிமெண்ட் தரை சமமாக இருக்கும், குழாயும் பக்கத்தில் இருக்கிறது. ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் பேட்டரியை வைத்தார்கள். குழாயில் ரப்பர் டியூபை மாட்டி தண்ணீரைச் சன்னமாகத் திறந்துவிட்டார் சிஸ்டர். ஒரு வாளித் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து வைத்தார். "தரையில சிந்தினா சோடாத் தண்ணி. மேல பட்டா வெறும் தண்ணி, கால் மணி நேரம் நிறுத்தாம. கண்ணுல பட்டா தண்ணியில கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு" என்றார். சொன்ன குரல் பழைய தியேட்டர் குரல்.

"மோதிரத்தைக் கழட்டுங்க. வாட்ச்சையும்."

"கல்யாண மோதிரம் அத்தை!"

"என் பொண்ணு கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டு பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடிகள் ஒரு பெட்டியில் கிடந்தன. பக்கவாட்டையும் மூடுகிற ரகம். ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டார்கள். முழங்கை வரை ரப்பர் கையுறை. அதன்பிறகு சிஸ்டர் இரண்டு மழைக்கோட்டுகளை எடுத்துவந்து, பொத்தான் முதுகுப் பக்கம் வரும்படி திருப்பி மாட்டிவிட்டார். ஆபரேஷன் உடுப்பு போடுகிற அதே முறை. நல்ல வெயிலில் மழைக்கோட்டைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு நிற்கும் தன்னைத் தெருவில் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று மருமகன் நினைத்தான். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பார்த்தேவிட்டாள்.

பேட்டரியின் தலையில் வரிசையாக ஆறு கறுப்பு மூடிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, உள்ளே உண்டாகும் வாயு வெளியேறுவதற்கு. அந்தத் துளையை அடைத்துக்கொண்டு கறுப்பு நிறத்திலேயே ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர். கடையில் இருக்கும்வரை ஈரக்காற்று உள்ளே போகாமலிருக்க ஒட்டியிருப்பார்கள். ஆசிட் ஊற்றுவதற்கு முன் ஆறையும் உரித்துவிட வேண்டும். சிஸ்டர் மருமகனுக்குக் கொடுத்த ஒரே வேலை அதுதான். ஒரு வெள்ளைத் தட்டைக் கொடுத்து, "உரிக்கிற ஸ்டிக்கரை இதோட விளிம்புல ஒட்டிக்கிட்டே வாங்க" என்றார்.

ஸ்டிக்கர் மூடியோடு மூடியாக ஒட்டிக்கிடந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் நெம்பி நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான். பாதியில் போன் அடித்தது. பள்ளிக்கூடத்து போக்குவரத்து கிளார்க். "ரெண்டு மணின்னா ரெண்டு மணி. லேட்டானா நான் காத்துக்கிட்டிருக்க மாட்டேன்." மருமகன் 'சரிங்க சார், சரிங்க சார்' என்று காற்றுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினான். எத்தனை மூடி முடித்தோம் என்று ஒரு நொடி தடுமாற்றம். ஒன்றை உரித்துத் தட்டில் ஒட்டினான்.

"ஆறும் ஆச்சா மாப்பிள்ளை?" சிஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆசிட் கேனின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஆச்சு அத்தை."

சிஸ்டர் ஆசிட் ஊற்றிய அழகை மருமகன் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். ஆறு மூடிகளையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். புனலை முதல் அறையில் வைத்து, கேனை நெஞ்சோடு அணைத்துச் சாய்த்தார். நூல் பிடித்தது போல ஒரு தாரை இறங்கியது. முகத்தைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துக்கொண்டு, உள்ளே தகடுகள் மூழ்கும் மட்டும் ஊற்றினார். அடுத்த அறைக்குப் போகும்போது புனலின் நுனியில் ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியை ஏந்திக்கொண்டார். ஒரு சொட்டு தொட்டிக்குள்கூட விழவில்லை. அறுபத்தொரு வயதுக் கை. நடுக்கம் என்பதை அறியாத கை. மருமகன் அவசரத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டான்.

ஆறு அறையும் நிரம்பின. பேட்டரியின் பக்கங்கள் வெதுவெதுப்பாகின. தகடுகள் ஆசிட்டைக் குடித்து முடிக்க அரைமணி நேரம் விட வேண்டும் என்று பேப்பர் சொன்னது. விட்டார்கள். ஆசிட் மட்டம் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது. "கொஞ்சம் தண்ணியை ஊத்தி ஏத்திடலாமே" என்று வாய் வரை வந்ததை மருமகன் விழுங்கிக்கொண்டான். சிஸ்டர் அதே கேனிலிருந்து கோடு வரைக்கும் மட்டத்தைக் கூட்டினார். மூடிகளைப் போட்டார். மீதி ஆசிட்டை இறுக்கி மூடி, கடையில் திருப்பிக் கொடுக்கத் தனியாக வைத்தார்.

மணி பதினொன்று ஐம்பது. மருமகன் சார்ஜரைக் கொண்டுவந்து சிவப்பு கிளிப்பை மாட்டினான். கறுப்பை மாட்டினான். சுவிட்சை நோக்கிக் கை நீண்டது.

"நில்லுங்க."

சிஸ்டர் வெள்ளைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." கொஞ்சம் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஐந்துதான்.

போன் வந்தபோது எண்ணிக்கை தடுமாறியது மருமகனுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வாய் வேறு பாதையில் போனது. "ஆறையும் உரிச்சேன் அத்தை. ஒண்ணு காத்துல பறந்திருக்கும்."

"அப்போ கீழ கிடக்கும். பார்ப்போம்."

குனிந்து தேடினார்கள். தொட்டிக்கு அடியில் பார்த்தார்கள், கையுறைக்குள் பார்த்தார்கள். மூடிகளைப் பார்த்தால் ஆறும் ஒரே கறுப்பு. ஈரத்தில் மினுமினுத்துக்கொண்டு எது துளை எது ஸ்டிக்கர் என்று தெரியாமல் கிடந்தன. மணி பன்னிரண்டைத் தாண்டியது. இரண்டு மணி, இரண்டு மணி என்று அவன் தலைக்குள் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, இது ஆஸ்பத்திரி இல்ல!" என்று வெடித்தான். "ஒரு துண்டு ஸ்டிக்கருக்காக என் பொழப்பைக் கெடுக்கறீங்க. இந்த ஓட்டம் போச்சுன்னா நீங்க வாங்கித் தருவீங்களா?"

கட்டிய மனைவியிடம்கூட அப்படி அவன் பேசியதில்லை. சொன்ன மறுநொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சிஸ்டர் முகத்தில் கோபம் வரவில்லை. அவன் மாட்டியிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தள்ளி வைத்தார். முதல் மூடியைத் திருகி எடுத்து, சோடாத் தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். துளை வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. ஒன்று. அடுத்ததிலும் தெரிந்தது. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவது மூடி வெயிலில் இருட்டாகவே நின்றது.

சிஸ்டர் அதை அவனிடம் நீட்டினார். அவன் நகத்தால் நெம்பியதும் நனைந்த ஸ்டிக்கர் விரலோடு வந்தது. அடைத்த மூடியோடு சார்ஜ் போட்டிருந்தால் வாயு போக வழியில்லாமல் அந்த அறை மேலே வெடித்திருக்கும். பேப்பரில் சொன்னபடி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பேட்டரியின் சூடு பார்க்கப்போகிறவன் அவன்தான். பாதுகாப்புக் கண்ணாடியை அவன் கழற்றி வைத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மருமகன் அந்தச் சின்ன வட்டத்தைத் தட்டின் விளிம்பில் ஒட்டினான்.

பன்னிரண்டே காலுக்கு சார்ஜ் ஏறத் தொடங்கியது. இருவரும் பத்தடி தள்ளிச் சுவர் நிழலில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். மழைக்கோட்டு இன்னும் பின்முன்னாகத்தான் இருந்தது.

"போன் வந்துச்சு அத்தை. எண்ணிக்கை விட்டுப்போச்சு. நீங்க கேட்டப்போ எனக்குத் தெரியல. தெரியலன்னு சொன்னா லேட்டாகும்னு..."

"தெரியும்."

"திட்டிடுங்க அத்தை. மனசுல வெச்சுக்காதீங்க."

சிஸ்டர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பெரிய டாக்டர் செருப்புக் கதைதான் எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு இருக்கு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்க மாமாகிட்டகூட" என்றார். "எனக்கு அப்போ இருபத்திநாலு வயசு. அந்த டாக்டர் ரயிலைப் பிடிக்கணும். பாதி எண்ணிக்கிட்டிருக்கேன், 'சிஸ்டர், சரியா இருக்கா?'ன்னார். எனக்கு விட்டுப்போச்சு. மறுபடி எண்ணணும்னு சொல்லப் பயம். சரின்னு சொல்லிட்டேன். நோட்டுலயும் சரின்னு எழுதிட்டேன்."

சார்ஜர் உறுமிக்கொண்டிருந்தது.

"நாப்பது நாள் கழிச்சு ஆபரேஷன் ஆன அந்தப் பொண்ணு திரும்பி வந்தா. துணி உள்ளயே இருந்துச்சு."

"பொழைச்சாங்களா?"

"பொழைச்சா. எட்டு மாசம் படுக்கையில கிடந்தா. வீட்டுல ரெண்டு சின்னக் குழந்தைங்க. எட்டு மாசமும் தினம் நான் அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் தியேட்டருக்குப் போவேன். என்னைப் பார்த்துச் சிரிப்பா."

"உங்களை யாரும் கேக்கலையா அத்தை?"

"நோட்டுலதான் சரின்னு இருக்கே. சரின்னு எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்க மாப்பிள்ளை."

கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து மருமகனுக்கு அவமானமாக இருந்தது. முப்பத்து நான்கு வருடக் கேலியை இந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். சொல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒன்றரைக்கு சுவிட்சை அணைத்து கிளிப்புகளைக் கழற்றினார்கள். பேட்டரியைத் துடைத்து வண்டியில் வைத்து, முதலில் பிளஸ் வயரையும் பிறகு மைனஸ் வயரையும் இறுக்கினான். சாவியைத் திருப்பியதும் வண்டி முதல் தடவையிலேயே எழுந்தது. இரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் பள்ளிக்கூட வாசலில் நின்றான். கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். வந்தபோது மணி இரண்டே முக்கால். பின்னால் இன்னொரு வண்டியும் வந்து நின்றுவிட்டது.

கிளார்க் வண்டியை ஒரு சுற்று சுற்றினார், ஹாரனை அடித்துப் பார்த்தார், ஒரு பாரத்தை நீட்டினார். பிரேக், டயர், கதவுப் பூட்டு, முன்விளக்கு, பின்விளக்கு என்று பதினெட்டு வரி. "எல்லாத்துலயும் சரின்னு போட்டுக் கையெழுத்து போட்டுக் குடுங்க. நேரமாச்சு."

மருமகன் பேனாவை எடுத்தான். பிரேக், சரி. டயர், சரி. பின்விளக்கு என்ற வரியில் பேனா நின்றது. கடைசியாக எப்போது பார்த்தோம்? தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்று வண்டியில் ஏறினான். நிழல் விழுந்திருந்த மதில் பக்கமாகப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தான். சுவர் வலது பக்கம் மட்டும் சிவந்தது.

இறங்கிவந்து அந்த வரியில் எழுதினான்: இடது பக்கம் எரியவில்லை.

"ஏங்க, இப்படி எழுதினா இதை நான் எப்படி மேல அனுப்பறது?" என்றார் கிளார்க். "சும்மா சரின்னு போட்டுட்டு அப்புறம் மாத்திக்க வேண்டியதுதானே?"

"மாத்திட்டு வந்து போடறேன் சார்."

கிளார்க் அவனையும் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க. ஆனா எடம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது." மறுநாள் ஏழு மணிக்கு இடம் இருந்தது, ஓட்டமும் கிடைத்தது. ஆனால் வீடு திரும்பும் வழியில் பல்பு வாங்கி மாட்டிய மருமகனுக்கு அது தெரியாது.

சிஸ்டர் பின்புறத்தில் மழைக்கோட்டுகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். "கிடைச்சுதா மாப்பிள்ளை?"

"நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க அத்தை. கிடைக்குமான்னு தெரியல. பின்னால ஒரு லைட் எரியல."

"அவர் கண்டுபிடிச்சாரா?"

"இல்ல. அவர் சரின்னு போடச் சொன்னார். நான்தான் பார்த்தேன்."

சிஸ்டர் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மருமகன் பார்த்தான். பார்க்காதவன் போல ரப்பர் டியூபைச் சுருட்டினான்.

"கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பாடு எடுத்து வைக்கறேன்" என்று உள்ளே போனவர் வாசற்படியில் திரும்பினார். "அந்தத் தட்டுல இருக்கறதை எண்ணிட்டுக் குப்பையில போட்டுடுங்க."

மருமகன் தட்டைக் கையில் எடுத்தான். ஒவ்வொன்றாக உரித்தபடி வாய்விட்டே எண்ணினான். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆறு" என்றான்.

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் மறுபடி கேட்டது.